கப்பல் நிற்கும் ஒரு பகலில் ஜெனோவா: நடந்தே பார்க்க ஒரு வழி

மத்தியதரைக் கடல் க்ரூஸ் அட்டவணையில் "ரோம்" என்று போட்டிருந்தால், கப்பல் உண்மையில் நிற்பது சிவித்தவெக்கியாவில். "ஃபுளோரன்ஸ்" என்றால் லிவோர்னோவில். இரண்டு இடங்களிலிருந்தும் ஊரைப் பார்க்க ரயிலோ பேருந்தோ பிடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். இத்தாலியத் துறைமுக நகரமான ஜெனோவா அப்படியில்லை. ஜெனோவா என்று போட்டிருந்தால் ஜெனோவாவிலேயே இறக்கி விடுகிறார்கள். கப்பல் நிற்கும் மேடையிலிருந்து ரயில் நிலையம் பத்து நிமிட நடை, பழைய நகரம் அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில்.

இது தெரியாமல் பலர் இறங்கிய கையோடு போர்த்தொஃபீனோவுக்கும் சிங்க்வே தெர்ரேவுக்கும் மிலானுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். போர்த்தொஃபீனோவுக்கு நேரடி ரயில் கிடையாது. ஸாந்தா மார்கரீத்தாவில் இறங்கிப் பேருந்தோ படகோ மாற வேண்டும். சிங்க்வே தெர்ரே ஒரு பக்கம் மட்டுமே ஒன்றரை மணி நேரம். எட்டு மணி நேரம் நிற்கும் கப்பலுக்கு இவை எல்லாம் ஒத்துவராத கணக்கு. முதல் முறை வருபவர் ஜெனோவாவை விட்டு வெளியே போகாமல் இருப்பதே நல்லது.

முந்தின இரவு கப்பலிலேயே முடிக்க வேண்டியவை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும் என்பது தெரிந்ததே. பலர் கோட்டை விடுவது, அது எத்தனை முறை நுழைய அனுமதிக்கிறது என்பதில். உங்கள் கப்பல் நடுவில் துனிசியா, துருக்கி, மொந்தெநெக்ரோ போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள துறைமுகத்தைத் தொட்டுவிட்டு இத்தாலிக்குத் திரும்பினால், ஒற்றை நுழைவு விசா போதாது. இதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு சரிசெய்ய வழியில்லை.

சில கப்பல்களில் கடவுச்சீட்டை வரவேற்பு மேசையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கரையில் உங்களிடம் இருக்கப்போவது கப்பல் அட்டை மட்டும். ஆகவே கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா பக்கம் இரண்டையும் அச்செடுத்துப் பையில் வையுங்கள். செல்பேசியிலும் படம் இருக்கட்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. கப்பல் கிளம்பும் நேரம் உங்களுக்குத் தேவையில்லாத தகவல். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று தனியாக ஒன்று, கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னால் இருக்கும். அன்றைய நிகழ்ச்சித்தாளில் அச்சிட்டிருப்பார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்தரைக்கு எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்றால், நாலரைக்கு நீங்கள் முனையத்தின் அருகில் இருக்க வேண்டும். காலையிலும் அப்படித்தான்: எட்டு மணிக்குக் கப்பல் வந்தால், கயிறு கட்டி, அதிகாரிகள் அனுமதித்து, நீங்கள் தரையில் கால் வைக்க எட்டே முக்கால் ஆகிவிடும். எட்டு மணி நேரம் என்று அச்சிட்டிருப்பதில் கைக்கு வருவது ஆறு, ஆறரை.

அதே தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசியை நடுக்கடலில் விமானப் பயணநிலையில் வைத்திருங்கள், கரையில் இத்தாலிய வலைப்பின்னல் கிடைத்ததும் மாற்றலாம். கப்பலின் சொந்தச் செல்பேசி வலைப்பின்னல் ஒட்டிக்கொண்டால் வரும் பில், ஒரு நாள் சுற்றுலாச் செலவைத் தாண்டலாம்.

ரயிலிலோ பேருந்திலோ போகும் எண்ணம் இருந்தால் "ஷோப்பெரோ" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள். இத்தாலியில் முன்கூட்டியே அறிவித்துத்தான் நடத்துவார்கள், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். வேலை நாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓட வேண்டும் என்பது விதி. கப்பல் பயணிக்கு அந்த இரண்டு நேரங்களுமே உதவாது என்பதைக் கவனியுங்கள்.

இறங்கியதும்

நீங்கள் இறங்கும் இடத்தின் பெயர் ஸ்தாத்ஸியோனே மரீத்திமா, அதாவது கடல் நிலையம். பொந்தே தெய் மில்லே, பொந்தே அந்த்ரெயா தோரியா என இரண்டு கப்பல் மேடைகள். பொந்தே தெய் மில்லேயின் பழைய கட்டடம் 1930-இல் திறக்கப்பட்டது. அமெரிக்கா போகும் கப்பல்கள் கிளம்பிய இடம். எந்த மேடையில் இறங்கினீர்கள் என்பதைப் பெயர்ப் பலகையோடு படம் எடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாலையில் அவசரமாக டாக்ஸியில் ஏறி "ஸ்தாத்ஸியோனே" என்று மட்டும் சொன்னால் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். "தெர்மினால்" என்றால், ஸார்தீனியா படகுகள் கிளம்பும் தெர்மினால் த்ராகெத்தி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அது மேற்கே தள்ளி இருக்கிறது. படத்தைக் காட்டிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

வாசலில் ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் அழைப்பார்கள். வேறு ஊர்களில் நல்ல ஏற்பாடுதான். ஜெனோவாவின் பழைய நகரமோ இரண்டு பேர் தோள் உரசாமல் கடக்க முடியாத சந்துகளால் ஆனது. பேருந்து அதைச் சுற்றி வரும், உள்ளே வராது.

வழி: மேலே போய்க் கீழே வருவது

ஜெனோவா மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிவைத்த ஊர். காலையில் கால் புதிதாக இருக்கும்போது மேல் தெரு வழியாகக் கிழக்கே போய், மதியம் கடற்கரை வழியாக மேற்கே திரும்புவதே சுகமான வரிசை. திரும்பும்போது கடல் எப்போதும் இடக்கைப் பக்கம், தூரத்தில் உங்கள் கப்பலின் புகைபோக்கி தெரியும். வழி தவற வாய்ப்பு குறைவு.

முனையத்திலிருந்து ஏற்றத்தில் நடந்து பியாத்ஸா பிரின்சிபே ரயில் நிலையத்துக்கு வாருங்கள். எதிரே கொலம்பஸ் சிலை நிற்கும் சதுக்கம் பியாத்ஸா அக்வவெர்தே. அங்கிருந்து நேராகப் போகிற தெரு வீயா பால்பி. அதன் கடைசியில் இடப்பக்கம் பெரிய தூண்களோடு ஒரு தேவாலயம்: ஸாந்திஸ்ஸிமா அனுன்த்ஸியாத்தா. வெளியே வெறிச்சென்று இருக்கிறதே என்று கடந்து போய்விடாதீர்கள். உள்ளே கூரை முழுவதும் பொன்னிற வேலைப்பாடு. கட்டணம் இல்லை, பத்து நிமிடம் போதும்.

அங்கிருந்து வீயா காய்ரோலி வழியாக வீயா கரிபால்தி. சுமார் 250 மீட்டர்தான் நீளம். 16ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவின் வங்கிக் குடும்பங்கள் ஒரே தெருவில் வரிசையாக மாளிகை கட்டிக்கொண்ட இடம். அன்று தனிக் குடியரசாக இருந்த ஜெனோவாவுக்கு வெளிநாட்டு அரசர்களோ தூதர்களோ வந்தால் தங்கவைக்க அரச மாளிகை இல்லை. அதனால் தனியார் மாளிகைகளைத் தரம் பிரித்து 1576-இல் பட்டியல் போட்டார்கள். "ரோல்லி" என்று அந்தப் பட்டியல்களுக்குப் பெயர். விருந்தாளி வந்தால் சீட்டுக் குலுக்கி, பெயர் வந்த குடும்பம் தன் செலவில் உபசரிக்க வேண்டும். அந்த மாளிகைகளில் 42 இன்று உலகப் பாரம்பரியச் சின்னங்கள். 2006-இல் யுனெஸ்கோ சேர்த்தது.

பல மாளிகைகளில் இப்போது வங்கியும் அலுவலகமும் நடக்கின்றன. வேலை நாளில் வாசல் திறந்திருந்தால் முற்றம் வரை எட்டிப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சனி, ஞாயிறில் கதவு சாத்தியிருக்கும். பலாத்ஸோ ரோஸ்ஸோ, பியான்கோ, தூர்ஸி மூன்றும் ஒரே டிக்கெட்டில் பார்க்கும் அருங்காட்சியகங்கள். மூன்றையும் பார்க்க நினைத்தால் அன்றைய பகல் அங்கேயே முடியும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இசையில் பிடிப்பு உள்ளவர்கள் தூர்ஸிக்குப் போகலாம்: பகனீனி வாசித்த வயலின், குவார்னேரி 1743-இல் செய்தது, அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை என்றால் மூன்றுக்கும் விடுமுறை.

தெரு முடிவில் ஃபொந்தானே மரோஸே சதுக்கம். இடப்பக்கம் மேலே திரும்பினால் சில நிமிடத்தில் பியாத்ஸா போர்தெல்லோ. அங்கே சுரங்க நடைபாதை போல ஒரு வாசல், ஓடு பதித்த நீளத் தாழ்வாரம், அதன் முடிவில் லிஃப்ட். கஸ்தெல்லெத்தோ லிஃப்ட் 1909 முதல் ஊர் மக்களை மலைக்கு ஏற்றி இறக்குகிறது. சுற்றுலாவுக்காகக் கட்டியது அல்ல, பொதுப் போக்குவரத்து. பேருந்துச் சீட்டே இதற்கும் செல்லும். சில காலங்களில் இலவசமாகவும் விட்டிருக்கிறார்கள், வாசலில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மேலே வந்ததும் கற்பலகை வேய்ந்த சாம்பல் கூரைகள், மணிக்கூண்டுகள், பளுதூக்கிகள், லந்தேர்னா கலங்கரை விளக்கம், நீங்கள் வந்த கப்பல் எல்லாம் ஒரே பார்வையில். லந்தேர்னாவின் இப்போதைய கோபுரம் 1543-இல் எழுப்பியது. ஜெனோவாவில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது இந்த லிஃப்டாக இருக்கட்டும்.

பேருந்துச் சீட்டை "T" போன்ற பலகை தொங்கும் தபாக்கி என்ற புகையிலைக் கடைகளில் வாங்கலாம். வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். காகித ரயில் டிக்கெட்டுக்கும் இதே விதி, நடைமேடையிலேயே குத்திவிட்டு ஏற வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். வெளிநாட்டவர் என்று அபராதத்தில் விட்டுக்கொடுப்பதில்லை.

இறங்கி மீண்டும் ஃபொந்தானே மரோஸே, அங்கிருந்து சரிவில் தெ ஃபெர்ராரி சதுக்கம். நடுவில் வெண்கல நீரூற்று. இங்கே மணி பார்த்துக்கொள்ளுங்கள். தேவாலயங்கள் பலவும் 12 மணி சுமாருக்குச் சாத்திவிட்டு 3 மணிக்கு மேல்தான் திறக்கும். 11 மணிக்கு இந்தச் சதுக்கத்தில் இருந்தால் இரண்டு தேவாலயங்களையும் பார்த்துவிடலாம். பன்னிரண்டு நெருங்கிவிட்டால் முதலில் ஸான் லொரென்த்ஸோ. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெயில் காலத்தில் ஒரு துப்பட்டா கையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

முதலாவது ஜேசு தேவாலயம், பியாத்ஸா மத்தியோத்தியில். ரூபன்ஸின் இரண்டு பெரிய ஓவியங்கள் உள்ளே இருக்கின்றன. அருங்காட்சியகமாக இருந்தால் வரிசையில் நின்று காசு கொடுத்துப் பார்க்க வேண்டியவை; இங்கே சும்மா நுழைந்து பார்க்கலாம். அடுத்தது கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட ஸான் லொரென்த்ஸோ பேராலயம். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை ஊரைச் சுட்டபோது ஒரு குண்டு ஆலயத்தைத் துளைத்து விழுந்து வெடிக்காமல் கிடந்தது. அப்படி ஒரு குண்டை வலப்பக்கச் சுவரோரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தேடவேண்டியதில்லை, கண்ணில் படும்.

கொலம்பஸ் வீடு என்று ஒன்றும் பக்கத்தில் உண்டு, போர்த்தா ஸொப்ரானா என்ற இரட்டைக் கோபுர வாயிலின் அருகே. இப்போது நிற்பது 18ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. மூலக் கட்டடம் 1684-இல் பிரெஞ்சுக்காரர்கள் குண்டு வீசியபோது போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும். வாயில் 12ஆம் நூற்றாண்டு, அதைத்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

பேராலயத்திலிருந்து வீயா ஸான் லொரென்த்ஸோ சரிந்து துறைமுகத்தில் முடியும் இடத்தில், சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய பலாத்ஸோ ஸான் ஜோர்ஜோ. 1260-இல் கட்டியது. வெனிஸ்காரரான மார்க்கோ போலோ 1298-இல் ஜெனோவாவில் போர்க் கைதியாக இருந்தார். இந்தக் கட்டடத்தில்தான் அடைத்திருந்தார்கள் என்பது ஊர் வழக்கு. சிறையில் உடன் இருந்த பீஸா ஊர் எழுத்தாளரிடம் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதில், பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகமும் வருகிறது; அரபுக் கடலோரங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்து நின்ற பட்டினம் என்று. தாமிரபரணிக் கரையை ஐரோப்பாவுக்குச் சொன்ன குரல் இங்கிருந்து கிளம்பியது.

சந்துகளில் நடப்பது

பழைய நகரச் சந்துகளுக்குக் "கரூஜ்ஜி" என்று பெயர். இருபுறமும் ஆறேழு மாடி, நடுவே கீற்று வானம். ஜி.பி.எஸ். இங்கே தடுமாறும், நீல வட்டம் பக்கத்துத் தெருவில் குதிக்கும். குழம்பினால் செல்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சரிவில் இறங்குங்கள். இறக்கம் எல்லாம் கடலுக்குத்தான்.

முகவரி தேடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தெருவில் இரண்டு எண் வரிசைகள் உண்டு: வீடுகளுக்குக் கறுப்பு, கடைகளுக்குச் சிவப்பு. 35 சிவப்பும் 35 கறுப்பும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் இருக்கலாம். எண்ணுக்குப் பின்னால் "ஆர்" என்ற எழுத்து இருந்தால் அது சிவப்பு எண், கடை என்று பொருள்.

பகலில் வீயா ஸான் லூக்கா, பியாத்ஸா பான்கி, வீயா தெல் காம்போ பக்கம் கூட்டத்தோடு நடக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத கிளைச் சந்துகளில் நுழைய வேண்டாம். வீயா பிரே, பிரின்சிபே நிலையம், மெட்ரோ வாசல் ஆகிய இடங்களில் பை முன்பக்கம் இருக்கட்டும். தெருவில் விரித்து விற்கும் "பிராண்டு" பைகளை வாங்காதீர்கள். இத்தாலியில் போலிப் பொருள் வாங்கியவருக்கும் அபராதம் உண்டு.

சாப்பாடு: சைவத்துக்குக் கவலையில்லை, கவனம் வேண்டும்

கடலோரம் வளைவுத் தூண்களின் கீழே நீளமாக ஓடும் கடைவீதி ஸொத்தோரீபா. ஜெனோவாவின் தெருச் சாப்பாட்டில் நம் நாக்குக்கு உடனே பிடிப்பது ஃபரினாத்தா: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். மாவு ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு, சில மணி நேரம் ஊறவைத்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவது. மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. மிளகுத்தூள் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும். ஆறினால் சுவை இல்லை. ஆகவே தட்டு காலியாகும் கடையில் நின்று அடுத்த தட்டுக்குக் காத்திருங்கள்.

ஃபொகாச்சா என்ற தட்டை ரொட்டி காலையில் நன்றாக இருக்கும். ஜெனோவாக்காரர்கள் அதைக் கப்புச்சீனோவில் தோய்த்துத் தின்பார்கள். முதல் வாய்க்கு விநோதம், இரண்டாம் வாய்க்குப் பழகிவிடும். எடை போட்டு விற்பார்கள். விலைப்பலகையில் "எத்தோ" என்றிருந்தால் 100 கிராமின் விலை. கிலோ என்று நினைத்துப் பெரிய துண்டு கேட்டுவிட வேண்டாம், கையால் அளவு காட்டினால் போதும்.

சைவம் என்றால் இறைச்சியும் மீனும் இல்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்: "ஸென்த்ஸா கார்னே, ஸென்த்ஸா பெஷே". கார்னே என்று மட்டும் சொன்னால் நெத்திலி வந்து சேரலாம். பொரிப்புக் கடைகளில் பனிஸ்ஸா என்ற கடலைமாவுத் துண்டு சைவம்தான், ஆனால் கணவாய் பொரித்த அதே எண்ணெயில் விழுந்திருக்கலாம். கேட்டு வாங்குங்கள். பெஸ்தோ பாஸ்தாவில் துளசி இனத்துப் பசிலிக்கோ இலை, பைன் விதை, பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு இரண்டு வகைப் பாலாடைக்கட்டி சேரும். அதைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பைப் பொருளைப் பயன்படுத்துவார்கள், ஆகவே மிகக் கறாரான சைவத்துக்கு ஆகாது. "தூக்கு" என்று பட்டியலில் இருந்தால் இறைச்சிக் குழம்பு. வால்நட் சாறு ஊற்றிய பன்ஸோத்தி என்ற அடைத்த பாஸ்தா அதிகம் பேசப்படாத நல்ல பண்டம்.

உட்கார்ந்து சாப்பிட்டால் "கொப்பெர்த்தோ" என்று தலைக்கு ஒரு தொகை பில்லில் சேரும். ஏமாற்று அல்ல, பட்டியலின் அடியில் எழுதியிருப்பார்கள். இரண்டரைக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். காபியை நின்றபடி குடித்தால் மலிவு.

மிச்ச நேரம்

பழைய துறைமுகத்தை 1992-இல் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ புதுப்பித்தார். மீன்காட்சியகம் அங்கேதான். சிறு பிள்ளைகள் இருந்தால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்னதாக வாங்குங்கள், உள்ளே இரண்டரை மணி நேரம் போகும். அப்போது காலை நடையைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் இல்லாதவர்கள் கலாத்தா கடல் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். கப்பலுக்குத் திரும்பும் வழியிலேயே இருக்கிறது, நேரம் குறைந்தால் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம்.

நடக்க முடியாத பெரியவர்கள் டாக்ஸியில் தெ ஃபெர்ராரி வரை போய், பேராலயத் தெருவில் இறக்கமாக நடந்து துறைமுகத்தில் முடிக்கலாம். வாகனம் இல்லாத தெரு. மெட்ரோவும் உண்டு: பிரின்சிபேயிலிருந்து தெ ஃபெர்ராரி நாலாவது நிறுத்தம்.

அக்டோபர், நவம்பரில் மழை இங்கே விளையாட்டல்ல. சிவப்பு எச்சரிக்கை என்று அறிவித்தால் அருங்காட்சியகங்கள் மூடும். சந்துக் கற்கள் வழுக்கும். அப்படியொரு நாளில் கப்பலுக்கு அருகிலேயே இருங்கள்.

மாலை ஸான் ஜோர்ஜோவிலிருந்து முனையத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை, தலைக்கு மேல் ஓடும் மேம்பாலத்தையே பிடித்துக்கொண்டு. ஜெனோவாவிலேயே புதிதாக ஏறும் பயணிகளும் உண்டு என்பதால் முனையத்தில் பெட்டிகளோடு நீண்ட வரிசை இருக்கும். பயணத்தைத் தொடர்பவர்களுக்குத் தனி வாசல் இருக்கிறதா என்று கேளுங்கள், தெரியாமல் பெட்டி வரிசையில் நின்று பதறுபவர்கள் உண்டு. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், சொந்தமாகப் போனவருக்காக நிற்காது. தவறிவிட்டால் மேடையில் நின்று கையசைத்துப் பயனில்லை. முகவரை அழையுங்கள், அடுத்த துறைமுகத்தில் சேர வழி சொல்வார். டிக்கெட் செலவு உங்களுடையது.

மது பாட்டில் வாங்கியிருந்தால் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் தரும் கப்பல்கள் பல. பெஸ்தோ புட்டி வாங்குபவர்கள், குளிர்பெட்டியில் இருப்பதை விட்டுவிட்டு அலமாரியில் இருப்பதை எடுங்கள். ஊர் திரும்பும் விமானத்தில் அது திரவக் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி என்றால் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள்.